ஆமையிடம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்

ஏரிக்கரை நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில், தளத்துக்கு ஒரு வீடாக ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்த 'லட்சுமி கடாட்சம்' என்கிற அடுக்குமாடிக் கட்டடம் முதன்முதலாக ஒரு சாண் நகர்ந்தது ஓர் ஆவணி மாத வெள்ளிக்கிழமை, ராகுகாலம் முடிந்த கையோடு என்பதில் அங்கே குடியிருந்த யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் பாத்தியதை யாருக்கு, தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்த மறந்தது என்று வருஷக்கணக்கில் வாய் ஓயாமல் சண்டை போட்டவர்கள் ஏகமனதாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். ஏன் நகர்ந்தது என்று மட்டும் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. அந்த ஊரில் ஏரியே நகர்ந்து நகர்ந்து காணாமல் போய்த்தான் அதன் மேல் நகர் வந்திருந்தது, கட்டடம் நகர்வதில் புதிதாக வாயைப் பிளக்க என்ன இருக்கிறது?

தரைத்தள வீடும் முதல் மாடி வீடும் கனகசபாபதிக்குச் சொந்தம். இரண்டாம் மாடி ஜெயராகவனுக்கு, மூன்றாம் மாடி புவனா மேடத்துக்கு. சொந்தக்காரர்கள் மூன்றே பேர் என்றாலும் சங்கம் என்று ஒன்று இருந்தது. கனகசபாபதி தலைவர், ஜெயராகவன் செயலாளர், புவனா மேடம் பொருளாளர். உறுப்பினர் என்று யாருமே இல்லாததால் அதட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் சங்கம் தவித்துக்கொண்டிருந்தது. தரைத்தளத்துக்குக் குடித்தனம் வரும்போதெல்லாம்தான் அந்தக் குறை தீரும்.

கனகசபாபதி அரசாங்க வேலையில் இருந்த காலமெல்லாம் வாடகை வீட்டில் கழித்தவர். ஒரு வீட்டுக்காரர் தன் மகளுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொன்னார், இன்னொருவர் மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, குடித்தனக்காரர் ராசிதான் என்று காலி பண்ணச் சொன்னார், ஒரு அம்மாள் இவர் குழந்தை மாடிப்படியில் சிரித்துக்கொண்டே இறங்குகிறது என்று காலி பண்ணச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இரும்பு பீரோவை மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டு, முருகன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்த தலையோடு வண்டிக்குப் பின்னால் நடந்தவர் அவர். அந்த நடையில்தான் மனசுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டார்: இனி ஜென்மத்துக்கும் அந்த வார்த்தையை நான் காதால் கேட்கக் கூடாது, முடிந்தால் வாயால் சொல்ல வேண்டும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இரண்டு வீட்டை வாங்கிப் போட்டதெல்லாம் அதற்காகத்தான். வீடு போய்விட்டால் மறுபடி மீன்பாடி வண்டிதான் என்ற பயம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. படுத்தால்கூட சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டுதான் படுப்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம் வீடு கேட்டு வந்தாள் பூங்கோதை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள், நாற்பதை நெருங்கியவள், பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். கனகசபாபதி சோபாவில் உட்கார்ந்துகொண்டு அவளை நிற்க வைத்தே விசாரித்தார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"விழுப்புரம் சார்."

"விழுப்புரத்துல எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் சார்."

"அது சரி. குலதெய்வம்லாம் எந்தக் கோயில்?"

"எந்தக் கோயில்ல பொங்கல் குடுத்தாலும் வாங்கிப்போம் சார்."

கேட்க வந்ததைக் கேட்க முடியாமலும் விடவும் மனசில்லாமலும் அவர் கனைத்துக்கொண்டார். "ஹஸ்பெண்டு? காலமாயிட்டாரா?"

"இல்ல சார், நல்லா இருக்காரு. வேற ஒருத்தங்க கூட."

அதை ஜீரணித்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருந்தாலும் ஆடி மாதம் முழுக்க வீடு காலியாகக் கிடந்ததால் ஜீரணித்துக்கொண்டார். "நாய் வளர்க்கிறியா?"

"இல்ல சார்."

"பூனை?"

"இல்ல சார்."

"கிளி, முயல், மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ்?"

"எதுவும் இல்ல சார்."

எல்லாமே சத்தியம். ஆமை உண்டா என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்காரருடைய கற்பனை எங்கே முடிகிறதோ அங்கிருந்து பிடித்து நீட்டிவிடுவது குடித்தனக்காரி வேலை இல்லை என்று பூங்கோதை இருந்துவிட்டாள்.

அந்த ஆமை ஏரியில் மிச்சமிருந்த குட்டையிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தது. கார் பழக வந்த ஒருவர் அதன் மேல் ஏற்றப்போன சமயத்தில், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இருக்குமே ஒரு பிரேக், அதை மிதித்துப் பூங்கோதை ஆமையைக் காப்பாற்றினாள். இறக்கிவிட்டாலும் போகாமல் அவள் செருப்புக்குப் பின்னாலேயே வந்தது. அவளுக்குத் தெரிந்த ஜனங்களிலேயே சொந்த வீடு உள்ள ஒரே ஆள் என்பதால் அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தாள். நீல நிற பிளாஸ்டிக் டப்பில், ஈரச் சாக்குக்கு அடியில், ஜமீன் லட்சுமி கடாட்சத்துக்குக் குடிவந்தது.

கனகசபாபதியின் மனைவி சுலோசனா உறைமோர் வாங்கக் கீழே போனவள், கேஸ் அடுப்புக்கு அடியில் ஒரு கருங்கல் கழுத்தை நீட்டித் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, மோரையும் கிண்ணத்தையும் அங்கேயே போட்டுவிட்டு மாடிப்படி அதிர ஓடி வந்தாள்.

"என்னங்க, கீழ் வீட்டுல ஆமைங்க! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பச்சக் குழந்தை கூடச் சொல்லும். நீங்க என்னத்த விசாரிச்சுக் குடி வச்சீங்க?"

அன்றைக்குச் சாயங்காலமே மொட்டை மாடியில் சங்கம் கூடியது. போன மாதம் எரிந்த மோட்டார் இந்த மாதம் வந்த ஆமையால்தான் எரிந்தது என்று முடிவாயிற்று. ஜெயராகவன் மகனுக்கு விசா கிடைக்காததும், புவனா மேடத்தின் நாத்தனாருக்குக் கிடைத்ததும் அதன் வேலைதான். வடகத்தைக் காக்காய் தூக்கிக்கொண்டு போனதுகூட அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. நாயாக இருந்தால் குரைக்கிறது என்று சொல்லலாம், கடிக்கிறது என்று சொல்லலாம். சத்தமே போடாமல் ஒரு மூலையில் கிடக்கிற பிராணியை வேறு எதில் கொண்டு சேர்ப்பது?

"கோர்ட்ல கேஸ் போட்டுக் காலி பண்ண வச்சிடலாம் சார். சட்டப்படி போவோம்," என்றார் ஜெயராகவன்.

"கேஸ் போட்டா கடைசியில யாரு வருவா? கதவைத் தட்டிச் சாமானைத் தூக்கி வெளியில வைக்க அமீனாதானே வருவான்?" என்றாள் சுலோசனா. "ஆமை தானா வந்து தொலைச்சுது. அமீனாவையும் நாமளே ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வரணுமா?"

இந்த வாதத்துக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லாததால், தலைவரே நேரில் போய் வாயால் சொல்லிவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை கனகசபாபதி தன் வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பூங்கோதை இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் சாப்பிட வந்திருந்தாள். ஹால் நடுவில் ஜமீன் ஒரு தக்காளியோடு போராடிக்கொண்டிருந்தது.

"நீ ஆமை இருக்குன்னு சொல்லவே இல்லியேம்மா."

"நீங்க கேக்கலியே சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"யாராவது ஆமை இருக்கான்னு கேப்பாங்களா?"

"அதான் சார், யாரும் கேக்கறதில்ல. இது என்ன சார் பண்ணுது? சத்தம் உண்டா, நாத்தம் உண்டா? ஒரு தக்காளி, ரெண்டு கீரை. அக்ரிமென்ட் முடியவும் இன்னும் நாள் இருக்கு. இத வச்சிக்கிட்டு நான் எங்க சார் போவேன்?"

இது அவர் நினைத்துக்கொண்டு வந்த மாதிரி நடக்கவில்லை. அவள் நேராக அவர் கண்ணைப் பார்த்தாள், அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்த பார்வை, எத்தனையோ வாசலில் நின்று அவரே பார்த்த பார்வை. அதைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் மேலே போகவும் முடியாது, மாடிப்படி நெடுகச் சங்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தது. ஆகவே அவர் கண்ணை அவளிடமிருந்து பிடுங்கி, குனிந்து, ஆமையைப் பார்த்து, அத்தனை வருஷத்து வயிற்றெரிச்சலையும் திரட்டிச் சொன்னார்:

"வீட்டைக் காலி பண்ணு!"

ஜமீன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பால் பொங்குகிற நேரம் யோசித்தது. பிறகு நாலு காலையும் வெளியே நீட்டி, தரையில் ஊன்றி, ஓர் உந்து உந்தியது. மேலே மூன்று வீட்டுப் பரண்களிலும் பித்தளைப் பாத்திரங்கள் கணகணவென்று உருண்டன, புவனா மேடத்தின் ஊஞ்சல் ஆளில்லாமல் ஆடியது, லட்சுமி கடாட்சம் கிழக்கே ஒரு சாண் நகர்ந்து நின்றது.

வீட்டைக் காலி பண்ணுவது என்றால் ஆமைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். பிறந்தது முதல் அது எங்கே போனாலும் வீட்டையும் சேர்த்து முதுகில் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. குடியிருந்த வீட்டை அங்கேயே வைத்துவிட்டுத் தான் மட்டும் கிளம்பும் வித்தையை மனிதர்களைத் தவிர வேறு எந்த ஜீவனும் கற்றுக்கொண்டதில்லை. தன் வீடு எதுவரைக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காததால், தலைக்கு மேலே இருந்த எல்லாவற்றையும் தன் வீடு என்று எடுத்துக்கொண்டது.

ஏரிக்கரை நகர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. கார்ப்பரேஷனிலிருந்து வந்தவர் டேப்பால் அளந்து பார்த்துவிட்டு, அனுமதி இல்லாமல் கட்டடம் உயர்ந்தால் நடவடிக்கை எடுக்க விதி இருக்கிறது, நகர்ந்தால் எடுக்க விதி இல்லை என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். வாஸ்து பார்க்கிறவர் கிழக்கே போவது கீர்த்தி என்றார். குழாய்க்காரர் எல்லா இணைப்பிலும் நீளமான ரப்பர் ஓஸை மாட்டிவிட்டு, தேவைப்பட்டால் இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். கூரியர் கொண்டுவரும் பையன்கள் "இன்னிக்கு எங்க சார் இருக்கீங்க?" என்று போனில் கேட்கப் பழகினார்கள். கட்டடம் விட்டுவிட்டுப் போன இடத்தில் ஒரு காலைப்பொழுதில் பிள்ளையார் ஒருவர் தானாகத் தோன்றினார், அவருக்கு உண்டியலும் தானாகவே தோன்றியது.

கிழக்கே என்ன இருக்கிறது என்பது முதலில் ஜெயராகவனுக்குத்தான் உறைத்தது. அவர் மொட்டை மாடியில் ஏறி நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். இரண்டு காலி மனை, இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். அதற்கு அப்பால் ஒரு கீரைத் தோட்டம். அதை ஒட்டி அறுபதடி ரோடு! பஸ் போகிற ரோடு, நகைக்கடை வரப்போகிற ரோடு. மூன்றாம் குறுக்குத் தெருவில் சாக்கடைக்கு எதிரே இருக்கிற வீட்டுக்கும் அறுபதடி ரோட்டில் இருக்கிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு புரோக்கர் வாயால் கேட்டபோது புவனா மேடத்துக்கு லேசாக மயக்கம் வந்தது.

அன்று முதல் ஆமை குடும்பத்துக்கு ஆகாதது என்ற பேச்சே அடங்கிவிட்டது. கூர்மாவதாரம் என்றாள் சுலோசனா. "மலையையே தாங்கின முதுகுங்க அது, நம்ம அப்பார்ட்மென்ட் எம்மாத்திரம்?"

ஆனால் ஜமீன் சும்மா நகரவில்லை. காலி பண்ணு என்று யாராவது சொன்னால்தான் நகர்ந்தது. அதையும் ஒப்புக்குச் சொன்னால் கண்ணைக்கூடத் திறக்கவில்லை, உள்ளே இருந்து வெறுத்து, நிஜமாகவே இவர்கள் ஒழியட்டும் என்று நினைத்துச் சொன்னால் மட்டும் ஒரு சாண் போயிற்று. ஆகவே சங்கம் முறைவைத்துத் திட்டத் தீர்மானித்தது. தினமும் காலையில் ஒருவர் தலைக்குக் குளித்து, தரைத்தளத்துக்கு வந்து, பூங்கோதையையும் ஆமையையும் வாசலில் வைத்துத் திட்டவேண்டியது. இதற்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. புவனா மேடத்துக்கு அப்படி ஒரு திறமை ஒளிந்திருந்தது அதுவரை அவர் கணவருக்கு மட்டுமே தெரியும். "புருஷன் வேண்டாம், பொட்டு மட்டும் வேணுமா உனக்கு?" என்று அவர் தொடங்கினால் கட்டடம் ஒன்றரைச் சாண் போகும்.

என்றாலும் கனகசபாபதியை யாரும் மிஞ்ச முடியவில்லை. அவர் வாயைத் திறந்தால் அவருடைய பழைய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். உன் ராசிதான் என் வீட்டைப் பிடிச்சு ஆட்டுது. வாடகை குடுத்தா வீடு உன்னுதாயிடுமா? சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆணிகூட இங்க இருக்கக் கூடாது. சொல்லுக்குச் சொல், குரலுக்குக் குரல், அந்த அம்மாளின் மூக்கால் பேசுகிற ராகம் உட்பட. சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு லேசாகிவிடும், அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

திட்டி முடித்த வாயோடு கெஞ்சலும் நடந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா, நெசமாவே போயிடாத," என்று கேசரியைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அந்தக் கேசரிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பூங்கோதை கேட்டாள்: "சார், ஒண்ணு சொல்லுங்க. நான் இருக்கவா, போகவா?"

கனகசபாபதி யோசித்துப் பார்த்து, "இருந்துகிட்டே போம்மா," என்றார்.

அவளுக்கு வலித்தது. நாடகம்தான் என்று தெரிந்தும் வலித்தது, ஏனென்றால் நாடகமாக இருந்தால் கட்டடம் நகராது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு வீடு தேடிப் போனாள். போன இடத்திலெல்லாம் தனியாள் என்றதும் ஒரு கதவு சாத்தினார்கள், ஆமை என்றதும் இன்னொரு கதவைச் சாத்தினார்கள். அதனால் காலையில் திட்டு வாங்குகிற நேரத்தில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து, ஜமீனின் ஓட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு யாருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யோசிக்கப் பழகினாள்.

மார்கழி பிறக்கும்போது லட்சுமி கடாட்சம் இரண்டு காலி மனைகளையும் கடந்து, கீரைத் தோட்டத்து வேலியை மெதுவாக ஒதுக்கிவிட்டு, அரைக்கீரைப் பாத்தியின் மேல் ஏறி, அறுபதடி ரோட்டைப் பார்த்து நின்றது. ஜெயராகவன் தேங்காய் உடைத்தார். இதற்கு மேல் ஒரு சாண் போனாலும் ரோட்டில் நிற்க வேண்டிவரும், ஆகவே இனி யாரும் ஆமையைத் திட்டக் கூடாது என்று சங்கம் உத்தரவு போட்டது. ஆனால் ரோட்டில் போகிற எவனாவது வாய்க்கொழுப்பில் காலி பண்ணு என்று சொல்லிவைத்தால்? அதற்குப் பயந்து, தரைத்தள வீடு பூங்கோதைக்கும் ஜமீனுக்கும் ஆயுசு பரியந்தம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார்கள். அதுவும் ஆமையின் காதில் விழும்படி, பத்திரத்தில் எழுதுகிற மாதிரியே நாலு எல்லையும் சொல்லி.

நாலு எல்லை சொல்ல வேண்டும் என்பது கனகசபாபதியின் யோசனை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற உலகம் இது, நாளைக்கு மொத்தக் கட்டடமும் என்னுடையது என்று அது உரிமை கொண்டாடினால் யார் கோர்ட்டுக்கு அலைவது? எனவே ஜெயராகவன் ஒட்டடைக் கம்பை எடுத்து, ஜமீனுக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. கிழக்கே ஹால் சுவர். மேற்கே சமையல் ரூம் சுவர். வடக்கே வாசப்படி. தெற்கே பாத்ரூம் ஜன்னல். மேல இந்த சீலிங். இதுக்குள்ள இருக்கறதுதான் உன் வீடு. இதுக்கு மேல ஒரு சாண்கூட உனக்குப் பாத்தியதை இல்ல, புரிஞ்சுதா?"

ஜமீன் கழுத்தை முழுக்க நீட்டி, கம்பு போன திசையெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தது. அவ்வளவு மரியாதையாக அது எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

கீரைத் தோட்டம் ஆக்னஸ் டீச்சருடையது. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருந்தார். முழங்கால் வலியால் சில நாளாகத் தோட்டத்துப் பக்கம் வராமல் இருந்துவிட்டு, கீரை பறிக்கக் கூடையோடு வந்தவர், பாத்தி இருந்த இடத்தில் அடுக்குமாடி இருப்பதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டார்.

"யாரைக் கேட்டு என் கீரை மேல வந்து நின்னீங்க?"

"நாங்களா வரல டீச்சர்," என்றார் கனகசபாபதி பவ்யமாக. "கீழ் வீட்டு ஆமை எங்களைக் கொண்டாந்து விட்டுடுச்சு. நாங்க எல்லாம் சொந்த வீட்டுக்காரங்கதான்."

"வீடு சொந்தம். நிக்கிற மண்ணு யாருது?"

அவர்களுடைய மண்ணில் இப்போது பிள்ளையார் இருந்தார், பிள்ளையாரைக் காலி பண்ணச் சொல்ல எந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் உண்டு? பொங்கல் கழிந்து வருவேன், அதற்குள் இடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டீச்சர் வெறுங்கூடையோடு திரும்பிப் போனார்.

மறுபடியும் சங்கம் குளித்துவிட்டுக் கீழே இறங்கியது. மேற்கே இரண்டு காலி மனை இருக்கிறதே, சொந்தக்காரர்கள் ஊரில் இல்லையே, கொஞ்சம் பின்னால் போய் நின்றுகொண்டால் போதும். புவனா மேடம் முதலில் திட்டினார். எவ்வளவோ நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கித்தான் திட்டினார், ஆனால் பாதியில் அவருக்கே அழுகை வந்துவிட்டது, "தாயே, கொஞ்சம் பின்னாடி போயிடேன்" என்று முடித்தார். ஜெயராகவன் கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கனகசபாபதி தன் பழைய வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. வாயைத் திறந்தால் அவருடைய சொந்தக் குரல்தான் வந்தது, அந்தக் குரலுக்கு இரண்டே இரண்டு வார்த்தைதான் தெரிந்திருந்தது: போயிடாதம்மா, போயிடாத. போகவே கூடாது என்று உயிர் துடிக்கிறவர்கள் போ என்று சொன்னால் எந்த ஆமை நம்பும்? ஜமீன் கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது.

அன்றைக்கு அவர் பூங்கோதையின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார். "இந்த வயசுல என்னால பீரோவைத் தூக்கிட்டு அலைய முடியாது."

"எனக்கும்தான் சார் தினமும் பயமா இருந்துச்சு," என்றாள் பூங்கோதை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் சொன்னாரே என்று தானும் சொன்னாள். பிறகு உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், அவரும் குடித்தார்.

சொன்னபடி ஆக்னஸ் டீச்சர் வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, கட்டடத்துக்கு முன்னால் நின்று, கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற அந்தக் குரலில், உரக்கக்கூட இல்லை, ஒரே ஒரு தடவை சொன்னார்: "காலி பண்ணுங்க."

அதில் பொய் ஒரு துளியும் இல்லை. ஜமீன் கண் விழித்தது. நாலு காலையும் நீட்டி, ஊன்றி, உந்தியது. ஆனால் இந்தத் தடவை தன் வீடு எது என்று அதற்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மேசையிலிருந்து டிராயரை இழுக்கிற மாதிரி தரைத்தள வீடு மட்டும், கிழக்கே ஹால் சுவரும் மேற்கே சமையல் ரூம் சுவரும் வடக்கே வாசற்படியும் தெற்கே பாத்ரூம் ஜன்னலும் மேலே சீலிங்குமாக, ஒரு சாண் கூடாமல் குறையாமல் கழன்று அறுபதடி ரோட்டில் இறங்கியது. மேலே இருந்த மூன்று வீடுகளும் வயசானவர் திண்டில் சாய்கிற மாதிரி மெள்ள மெள்ள இறங்கி, கீரைப் பாத்தியில் உட்கார்ந்தன. ஒரு டம்ளர்கூடக் கீழே விழவில்லை.

ரோட்டில் பஸ் நின்றது. ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "யக்கா, வீட்டை ஓரமா ஓட்டு!" என்றார். ஹால் ஜன்னல் வழியாகப் பூங்கோதை கையை நீட்டி, தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, வலதுபக்கம் திரும்பப்போவதாகச் சைகை காட்டினாள். ஜமீன் இப்போது சாண் கணக்கில் போகவில்லை, இறக்கி வைத்த சுமை போக மிச்சமிருந்த வீட்டை எடுத்துக்கொண்டு நடையாகவே நடந்தது.

கனகசபாபதி பின்னால் ஓடினார். "அம்மா! அம்மாடி! அது என் வீடும்மா!"

"நாலு எல்லையும் நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "போயிட்டு வரேன் சார். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க!"

வீடு பஸ்ஸுக்கு வழிவிட்டு, வலப்பக்கம் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, நேற்று வரைக்கும் முதல் மாடியாக இருந்த அவர் வீட்டு வாசல் தரையோடு தரையாக இருந்தது. உள்ளே சுலோசனா இரும்பு பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயராகவனும் புவனா மேடமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்களே தவிர இறங்கி வரவில்லை. வாசலுக்கு நேரே, மாடி ஏற வேண்டிய கஷ்டம் இல்லாமல், ஆக்னஸ் டீச்சர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்ன உடனே போயிட்டா," என்றார் டீச்சர். "நீங்க எப்போ?"

கனகசபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி ஹாலுக்குள் போனார். நடுவில் மண்டி போட்டார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தன் பலத்தையெல்லாம் திரட்டி ஓர் உந்து உந்தினார். வீடு அசையவில்லை.